பள்ளி உணவு கிளெய்ம்: தட்டில் எண்ணுங்கள், அப்புறம் தாளில் எழுதுங்கள்

பள்ளிச் சாப்பாட்டுக்குச் சாமான் கொடுக்கும் சின்னக் கூட்டுறவு எங்களுடையது. அதற்கான பணம் கேட்டு அரசுக்கு அனுப்பிய எங்கள் ஏப்ரல் கிளெய்ம் 2025 மே மாதம் திரும்பி வந்தது. கூடவே கடிதம் எதுவும் இல்லை. ‘உணவு நாட்கள்’ என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்த 14-ஐச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்தால் பீன்ஸ் மொத்தக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் நின்றுபோனது. கூட்டுறவில் இருக்கும் மற்றவர்கள் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் விருதுநகர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். சாட்ஸ்வொர்த்தில் வீடு. பி.காம். படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கூட்டுறவின் கணக்கு என் தலையில் விழுந்தது. “காமராசர் ஊர்க்காரிக்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கணக்கு வரலையாடி” என்று அம்மா போனில் சிரித்தாள். சிரிப்பு நியாயமானதுதான். எனக்கு வராமல்போன இடங்களை வரிசையாக எழுதுகிறேன், புதிதாகக் கிளெய்ம் போடுகிறவர்களுக்கு உதவும்.

தென்னாப்பிரிக்காவின் தேசியப் பள்ளி ஊட்டச்சத்துத் திட்டம் 1994-இல் தொடங்கியது என்பதும், மத்திய அரசின் நிபந்தனை மானியத்தில் நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சில மாகாணங்களில் பணம் நேராகப் பள்ளிக் கணக்குக்குப் போகும். எங்கள் குவாசுலு-நட்டாலில் எங்களைப் போன்ற சப்ளையர்கள் சாமான் இறக்கி, மாதக் கடைசியில் கிளெய்ம் போட்டுப் பணம் வாங்குகிறோம். கீழே எழுதுவதெல்லாம் இந்த இரண்டாம் வகைக்கு.

முதல் படி: நாட்களை எண்ணுங்கள்

எக்செலில் நெட்வொர்க்டேஸ் என்று ஒரு சூத்திரம் உண்டு. தொடக்க நாள், முடிவு நாள், விடுமுறைப் பட்டியல் மூன்றையும் கொடுத்தால் சனி ஞாயிறைக் கழித்து வேலை நாட்களைச் சொல்லும். நான் அதை நம்பித்தான் கெட்டேன். இரண்டாம் பருவம் 2025 ஏப்ரல் 8 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து 30 வரை 17 வார நாட்கள். 18 புனித வெள்ளி, 21 குடும்ப தினம். 27 விடுதலை தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறில் வரும் பொது விடுமுறைக்கு மறுநாள் திங்களும் விடுமுறை என்பது 1994 சட்டம், ஆக 28-உம் போயிற்று. மிச்சம் 14. சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை. 29, 30 இரண்டும் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை. பொது விடுமுறைப் பட்டியலில் அவை இருக்காது, பள்ளி நாட்காட்டியில்தான் இருக்கும். உண்மையான கணக்கு 12. மூடிக் கிடந்த பள்ளியில் இரண்டு நாள் சாப்பாடு போட்டதாக நான் கிளெய்ம் எழுதியிருக்கிறேன்! இதைத் திருட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேனோ தெரியாது.

அதனால் விடுமுறைப் பட்டியலை இரண்டு பத்தியாக வையுங்கள், ஒன்றில் பொது விடுமுறை, இன்னொன்றில் பள்ளி விடுமுறை. மூன்றாவதாக, அந்தப் பள்ளிக்கு மட்டும் வரும் நாட்கள்: வெள்ளம், தண்ணீர் வராத நாள், ஆசிரியர் கூட்டத்துக்காக எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்ட நாள். இதை நாட்காட்டி சொல்லாது, பள்ளியைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: தட்டை எண்ணுங்கள்

என்னை அதிகம் படுத்தியது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிகளில் ஒன்றில் சாப்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை 412. அன்றன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று பள்ளி எழுதும் தாளைப் புரட்டினால் திங்கள் 412, செவ்வாய் 412, புதன் 412. முதல் சில மாதங்கள் நான் இதைப் பார்த்து, ‘ஆகா, எவ்வளவு ஒழுங்கான பள்ளி’ என்று நினைத்தேன். நானூறு பிள்ளைகளில் ஒருவனுக்குக்கூட வயிற்றுவலி வராத ஊர் எங்கே இருக்கிறது?

தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். எங்களுடையதில் மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். அடுப்படியில் ஒரு மாதம் தொங்கிய தாள் என்றால் எங்காவது பீன்ஸ் குழம்பு சிந்தியிருக்க வேண்டும், மூலை சுருண்டிருக்க வேண்டும். இது இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருந்தது. கடைசி வெள்ளிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கே போய் நின்றேன். பத்து மணிக்குள் பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்பது திட்டத்தின் விதி, அதனால் அந்த அரைமணி நேரம்தான் எல்லாம் நடக்கும். அன்று சாம்பும் (உடைத்த சோளம்) பீன்ஸும். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு பிள்ளைகள் மூடி போட்ட வாளியோடு வந்தார்கள். சமைக்கும் கோகோ (ஜூலுவில் பாட்டி, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) “எத்தனை பேர்?” என்று கேட்டார். பிள்ளை “நாற்பத்தொன்று” என்றது. அது காலையில் ஆசிரியர் வருகைப்பதிவில் எழுதிய எண். தட்டில் விழுந்த எண் எது என்று யாருமே எண்ணவில்லை. வகுப்பில் போய்ப் பார்த்தால் முப்பத்தாறு தட்டு, அதிலும் நான்கு பேர் இரண்டாம் முறை வாங்குகிறார்கள். வேறு நான்கு பேர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்திருந்தார்கள், ஒருத்தி பீன்ஸ் பிடிக்காது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதில் யாரும் திருடவில்லை. ஆனால் எண் தட்டில் பிறக்காமல் பதிவேட்டில் பிறந்துவிட்டது. ஏட்டுச் சுரைக்காய்.

இப்போது நாங்கள் செய்வது: வகுப்புக்கு எத்தனை தட்டு போகிறது, எத்தனை சுத்தமாகத் திரும்புகிறது என்று எண்ணுகிறோம். நாற்பத்தொன்று போய் ஐந்து சுத்தமாகத் திரும்பினால் முப்பத்தாறு. இரண்டாம் முறை வாங்குகிறவன் அதே தட்டில்தான் வாங்க வேண்டும், அதனால் அவன் இரண்டு தடவை எண்ணில் வர மாட்டான். முதலில் பாட்டில் மூடிகளை டோக்கனாகக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டே நாளில் பாதி மூடி விளையாட்டு மைதானத்துக்குப் போய்விட்டது. தட்டு அப்படிப் போகாது.

எண்ணை அங்கேயே, அப்போதே, பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது, எழுத்தை மறைக்கும் டிப்பெக்ஸ் வெள்ளை மை கூடவே கூடாது. தப்பானால் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் போடுங்கள். பதினொரு மணிக்குள் தாளைப் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போட வேண்டும் என்பது எங்கள் விதி. மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பும் பழக்கம் அத்தோடு நின்றது.

மூன்றாம் படி: மூன்று எண், சின்னதை எடு

ஒவ்வொரு நாளுக்கும் மூன்று எண்: அனுமதித்த எண், அன்று வந்தவர்கள், சாப்பிட்டவர்கள். கிளெய்முக்குப் போவது மூன்றில் சிறியது. எக்செல் சூத்திரத்தில் MIN என்று போட்டால் போதும். அனுமதி 412, வருகை 371, தட்டு 366 என்றால் 366. வருகை 371, தட்டு 390 என்று வந்தால் சிறியதை எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள், யாரோ தப்பாக எண்ணியிருக்கிறார்கள், அன்றே கேளுங்கள்.

யோசனை என்னுடையது இல்லை. அமெரிக்காவில் 1946-இல் சட்டமான பள்ளி மதிய உணவுத் திட்டத்தில், ஒவ்வொரு பள்ளியின் தினசரி எண்ணையும் தகுதியுள்ள பிள்ளைகள், வருகை விகிதம் இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மாதக் கிளெய்ம் அனுப்ப வேண்டும் என்று விதி. அதைக் கொஞ்சம் எளிமையாக்கிக்கொண்டேன்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? சாப்பாடு ஒன்றுக்கு 5 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் போட்டது 412 × 14, அதாவது 5,768. தட்டு எண்ணியிருந்தால் 12 நாளுக்குச் சுமார் 4,386 வந்திருக்கும். 1,382 சாப்பாடு அதிகம், 6,910 ராண்ட். ஒரே பள்ளியில், ஒரே மாதத்தில்.

இன்னொரு சின்ன வேலை: தொடர்ந்து மூன்று நாள் ஒரே எண் வந்தால் கட்டம் சிவப்பாக மாறும்படி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அப்படி வர மாட்டார்கள். டர்பனில் மழை கொட்டும் நாளில் எண் விழ வேண்டும், விழவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

நான்காம் படி: மூட்டையோடு ஒப்பிடுங்கள்

தலைக்கு 30 கிராம் காய்ந்த பீன்ஸ் என்றால் 366 பேருக்கு ஏறக்குறைய 11 கிலோ. மாதத்தில் ஐந்து பீன்ஸ் நாள் என்றால் 55 கிலோ. இருப்பு ஏட்டில் 75 கிலோ வெளியே போயிருந்தால் அந்த 20 கிலோ எங்கே? கரண்டி பெரிதாக இருக்கலாம், எண்ணிக்கை தப்பாக இருக்கலாம், மூட்டை வேறு வாசல் வழியாகவும் போயிருக்கலாம். எங்களுக்குக் கரண்டிதான் காரணம். கோகோவின் கை தாராளம்! அவரிடம் இதைச் சொன்ன நாள் எனக்கு நல்ல நாளாக அமையவில்லை.

டெலிவரி நோட்டைப் பற்றி ஒரே வார்த்தை: சாமானை எடை போட்ட பிறகு கையெழுத்து.

ஐந்தாம் படி: ஒரே கையில் எல்லாம் வேண்டாம்

எண்ணுகிறவர் பள்ளியைச் சேர்ந்தவராக இருக்கட்டும். சாமான் இறக்குகிறவர், கிளெய்ம் எழுதுகிறவர், கிளெய்மைச் சரிபார்க்கிறவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். பணம் வாங்கப் போகிறவளே தட்டையும் எண்ணினால், அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் கை கொஞ்சம் மேலேதான் போகும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கருவிகள்

செயலி எதுவும் வேண்டாம். கெட்டி அட்டை கவுண்டர் புக் ஒன்று, கார்பன் வைத்த டூப்ளிகேட் புத்தகம் ஒன்று, கணினியில் லிப்ரே ஆபிஸ். கூகுள் ஷீட்ஸை நிறையப் பேர் சொல்கிறார்கள். லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) சமயத்தில் வைஃபை போய், கிளெய்ம் கொடுக்க வேண்டிய நாளில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கடைசிப் படி: கொடுப்பது

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். இன்வாய்ஸ் கிடைத்த 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று அரசுக் கருவூல விதி சொல்கிறது. அது என்று கிடைத்தது என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. தப்போடு கொடுத்தால் திருத்திக் கொடுத்த நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதுதான், நான் அப்படித்தான் எண்ணினேன். மார்ச் 31-இல் அரசின் நிதியாண்டு முடிகிறது, மார்ச் கிளெய்மை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பிற்சேர்க்கை: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகி, “எங்கள் கூட்டுறவில் ஓடியாடி வேலை செய்வதே இரண்டு பேர், மூன்று ஆளுக்கு எங்கே போவது?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எழுதுவது நீங்கள், சரிபார்ப்பது மற்றவர், எண்ணுவது பள்ளி என்று பிரித்துவிடுங்கள். மாதம் ஒரு நாள், எந்த நாள் என்று யாருக்கும் சொல்லாமல், இருவரில் ஒருவர் பத்து மணிக்கு முன்னால் போய்த் தட்டை எண்ணி, அன்றைய தாளோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொரு பிற்சேர்க்கை: தலைமையாசிரியர் லீவில் இருந்தால் பள்ளியின் சார்பில் தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்று இரண்டு பேர் கேட்டார்கள். பொறுப்பில் இருப்பவர் போடலாமா என்று உங்கள் மாவட்ட அலுவலகத்தில் பருவம் தொடங்கும்போதே எழுத்தில் வாங்கிவையுங்கள். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி அலமாரியில் வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறதாம். அந்த அலமாரியை இன்றைக்கே திறந்து, தாள்களைக் குறுக்கே கிழித்துவிடுங்கள்.