கார் கழுவியபின் வெள்ளைப் புள்ளி விழாமல் இருக்க

கடைசி அலசலுக்கு ஹோஸ் முனையில் இருக்கும் ஸ்பிரே கன்னைக் கழற்றிவிடுங்கள். வெறும் குழாயைக் கூரையை ஒட்டிப் பிடித்து, தண்ணீரை மெதுவாக மேலிருந்து கீழே வழியவிடுங்கள்.

பீய்ச்சி அடித்தால் தண்ணீர் குட்டிக்குட்டித் துளிகளாகச் சிதறி பெயிண்டில் நின்றுவிடும். வழியவிட்டால் ஒரே படலமாக, நிற்கும் துளிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால் லேசாக ஒத்தி எடுத்தால் போதும். தேய்ப்பது குறைவதால் கீறலும் குறையும். போர் தண்ணீரில் கழுவுபவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். அந்தத் துளிகள் காய்ந்தால் கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்குகின்றன.

மேலே பூசிய வாக்ஸ் (மெழுகுப் பூச்சு) போய்விட்ட பெயிண்டில் இது சரியாக வேலை செய்யாது, தண்ணீர் இறங்காமல் பரவி நிற்கும். வெயிலில் சூடேறிய பானட்டிலும் பயனில்லை; வழிந்து முடியும் முன்பே காய்ந்துவிடும். ஏற்கெனவே படிந்த புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து ஒற்றி, உடனே நன்றாகக் கழுவுங்கள். வினிகர் வாக்ஸையும் பலவீனமாக்கும் என்பதால், அந்த இடத்தில் மறுபடி வாக்ஸ் போட வேண்டும்.