பக்கத்துத் துண்டை வீட்டுக் காணியோடு சேர்க்கலாமா?

இலங்கையின் ஹட்டனில், காணி உறுதி (கிரயப் பத்திரம்) எழுதும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். வருடம் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அக்கா, வீட்டுக்கு ஒரு வரிச்சீட்டு, பக்கத்து மரக்கறித் துண்டுக்கு இன்னொன்று வருது. ரெண்டையும் ஒன்றாக்கினா வரி குறையுமா?"

பெரும்பாலும் குறையாது. இது உள்ளூராட்சி சபை அறவிடும் மதிப்பீட்டு வரி. ஆதனத்தின் வருடாந்தப் பெறுமதியில், அதாவது வருட வாடகையாக மதிப்பிடும் தொகையில், இத்தனை வீதம் என்று போடப்படுவது. ஒரு பேச்சுக்கு, வீட்டுத் துண்டின் வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாய், மரக்கறித் துண்டுக்கு 12,000, வரி 8 வீதம் என்று வைப்போம். தனித்தனியாக 4,800, 960. சேர்த்தால் 72,000க்கு 8 வீதம், அதே 5,760தான்.

வீதம் வேறுபடும் இடத்தில்தான் கவனம் வேண்டும். சில சபைகள் குடியிருப்புக்கு ஒரு வீதம், வியாபார இடத்துக்கு இன்னொரு வீதம் வைத்திருக்கின்றன. ஒரு துண்டில் சின்னக் கடை இருந்தால், சேர்த்த பிறகு வீட்டுக்கும் எந்த வீதம் வரும் என்று சபையின் வருமானப் பகுதியில் முன்கூட்டியே கேளுங்கள். பிரதேச சபைப் பகுதியில் இன்னொன்றும் உண்டு. அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்த எல்லைக்குள் மதிப்பீட்டு வரி. அதற்கு வெளியே பயிர்ச்செய்கைக் காணிக்கு வருவது ஏக்கர் வரி. அந்த எல்லை உங்கள் இரண்டு துண்டுக்கும் நடுவே போகிறதென்றால் சேர்க்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

அடுத்து, எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சபையின் புத்தகத்தில் இரண்டு வரி இலக்கங்களை ஒன்றாக்குவது ஒன்று. நில அளவையாளரைக் கொண்டு புது வரைபடம் போட்டு, சபை அனுமதி வாங்கி, உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து காணியையே ஒன்றாக்குவது வேறு. வரிச்சீட்டுத் தொல்லைக்காக இரண்டாவதைச் செய்ய வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தச் செலவை வரியில் ஒருநாளும் மீட்க முடியாது.

இரண்டு உறுதியும் ஒரே பெயரில் இருக்கிறதா? கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்றால் முதலில் ஒருவருக்கு மாற்றி எழுத வேண்டிவரும். விலைக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு துண்டு அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி, மற்றது சொந்த உறுதி என்றால் பிரதேச செயலகத்தில் பேசாமல் எதையும் தொடாதீர்கள். ஒன்று வங்கியில் ஈட்டில் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திக் கேட்பது இதுதான்: நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு துண்டைக் கொடுப்பீர்களா, அவசரத்துக்கு விற்பீர்களா? நம் மலைநாட்டில் சேர்த்ததைத் திரும்பப் பிரிப்பது லேசல்ல. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பகுதிகளில் புதிதாகப் பிரிக்கும் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றராவது இருக்க வேண்டும், ஏறத்தாழ 6 பேர்ச். பழைய உறுதியில் 7 பேர்ச்சும் 4 பேர்ச்சுமாக இருந்ததைச் சேர்த்துவிட்டால் அந்த 4 பேர்ச் துண்டு மறுபடி கிடைக்காது. அத்தோடு நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்ணுக்குள் போன லயங்களை (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளை) நாம் மறக்கவில்லை.

விற்கும்போது, கிடைக்கும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரியும் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் தனியாட்களுக்கு அது 15 வீதம். விற்பதற்கு முந்தைய 3 வருடமும் உங்கள் பெயரில் இருந்து, அதில் 2 வருடமாவது நீங்கள் குடியிருந்த பிரதான வீட்டுக்கு விலக்கு உண்டு. மரக்கறித் துண்டை மட்டும் விற்றால் அந்த விலக்கைக் கேட்க முடியாது. 2017 செப்டெம்பர் 30இல் உங்களிடம் இருந்த காணிக்கு அன்றைய சந்தைப் பெறுமதிதான் அடக்கவிலை, அதாவது இலாபம் கணக்கிட விற்ற விலையில் கழிக்கும் தொகை. பிறகு வாங்கியதற்கு வாங்கிய விலை. ஆகவே சேர்த்தாலும் பழைய உறுதிகளையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் தனித்தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியானால் எப்போது சேர்க்கலாம்? வீடே இரண்டு துண்டிலும் உட்கார்ந்திருந்தால், அல்லது எல்லையைத் தாண்டிக் கட்டப் போகிறீர்கள் என்றால், தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் அது உதவும். வேறு காரணம் இல்லையென்றால் இரண்டாகவே விடுங்கள்.

வரி பாரம்தான் கவலை என்றால் ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டி 10 வீதக் கழிவை வாங்குங்கள். வருடாந்தப் பெறுமதியே கூடிப்போயிருந்தால், மதிப்பீட்டு அறிவித்தலில் குறித்த திகதிக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் சபையின் முத்திரையையும் திகதியையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.