எந்தக் கிருஷ்ணன்? ஒரே பெயருடையோருக்கு அடைவு தயாரிக்கும் முறை

நூலகத்துக்கோ, கலைக்களஞ்சியத்துக்கோ, விழா மலருக்கோ பெயரடைவு (பெயர்களின் அகரவரிசைப் பட்டியல்) தயாரிப்பவருக்குத் தலைவலி தருபவை அரிய பெயர்கள் அல்ல. ‘கிருஷ்ணன்’ போன்ற, தெருவுக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர்கள்தாம். இயற்பியல் பேராசிரியர், வயலின் வித்துவான், டென்னிஸ் வீரர், நாடக நடிகர் என நால்வர் அந்த ஒரே சொல்லின் கீழ் வந்து நிற்கிறார்கள். அவர்களைக் குழப்பமில்லாமல் பிரித்து அடுக்குவது எப்படி என்பதை இந்த நால்வரைக் கொண்டே சொல்கிறேன்.

முதலில், தலைப்பெழுத்துகளை விரித்து எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பெயரில் முன்னால் நிற்கும் எழுத்து ஊராகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம். நாடக நடிகர் என். எஸ். கிருஷ்ணனின் ‘என்’ நாகர்கோவிலைக் குறிக்கிறது, வயலின் வித்துவான் டி. என். கிருஷ்ணனின் ‘டி’ திருப்பூணித்துறையைக் குறிக்கிறது. ஆனால் டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனின் பெயரில் முன்னால் இருப்பது ஊர் அன்று. அவருடைய தந்தையும் டென்னிஸ் ஆட்டக்காரருமான டி. கே. ராமநாதனின் பெயர். இதை அறியாமல் முதற்சொல்லை இயற்பெயர் என்று கொண்டு ‘ராமநாதன்’ என்பதன் கீழ் அவரை அடுக்கினால், தந்தையின் இடத்தில் மகன் போய் உட்கார்ந்துவிடுவார்.

அடுத்த தலைமுறையில் இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று வருகிறது. ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணனின் இயற்பெயர் ரமேஷ். தந்தையின் பெயர் அங்கே பின்னால் போய்விட்டது. ஆகவே அவருக்குரிய முதன்மைப் பதிவை ‘ரமேஷ்’ என்பதில் வைத்து, ‘கிருஷ்ணன்’ பகுதியில் ‘காண்க’ என்ற குறிப்பை மட்டும் இடுவதே சரி. விம்பிள்டன் இளையோர் பட்டத்தைத் தந்தை 1954இலும் மகன் 1979இலும் வென்றிருப்பதால், ஆண்டு குறிக்காமல் எழுதும் ஒரு வரி இருவருக்கும் பொருந்திவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

தலைப்பெழுத்தை மட்டும் நம்புவதும் ஆபத்தே. ‘பராசக்தி’யை இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரில் மூத்தவரும் ஆர். கிருஷ்ணன்தான், பழைய செய்தித்தாளில் டென்னிஸ் வீரரும் ஆர். கிருஷ்ணன்தான். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் பிறந்த ஆண்டையும் துறையையும் சேர்த்தே எழுத வேண்டும்: கே. எஸ். கிருஷ்ணன் (1898–1961), இயற்பியலாளர், என். எஸ். கிருஷ்ணன் (1908–1957), நாடக, திரைப்பட நடிகர், டி. என். கிருஷ்ணன் (1928–2020), வயலின் கலைஞர். ராமநாதன் கிருஷ்ணன் (பிறப்பு 1937), டென்னிஸ் வீரர். பிறந்த ஆண்டு வரிசையில் அடுக்குவதே எனக்குப் பிடித்த முறை. புகழின் அளவை வைத்து அடுக்கப் போனால் வாசகருக்கு வாசகர் வழக்குத்தான்.

ஊரை மட்டும் அடையாளமாகக் கொள்வதும் போதாது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் நாகர்கோவில், ராமநாதன் கிருஷ்ணன் பிறந்ததும் நாகர்கோவில்.

துறையை ஒரே சொல்லில் அடைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். டி. என். கிருஷ்ணன் இசைக் கலைஞர் மட்டுமல்லர், டெல்லி பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகவும் இருந்தவர். கல்வித் துறைப் பட்டியலில் அவரை விட்டுவிட்டால் குறையாகும். கே. எஸ். கிருஷ்ணனோ 1928இல் சி. வி. ராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டவர். பின்னர் டாக்காவிலும் அலகாபாத்திலும் கற்பித்தவர். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கியவர். என். எஸ். கிருஷ்ணன் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து, 1936இல் ‘சதி லீலாவதி’ வழியே திரைக்கு வந்தார். அவரைத் ‘திரைப்பட நடிகர்’ என்று மட்டும் எழுதினால் நாடக வரலாறு தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்புவார். முதன்மைத் துறையில் முழுப் பதிவும், மற்றத் துறையில் ஒற்றை வரிக் குறிப்பும் என வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துமுறையில் ‘கிருஷ்ணன்’, ‘கிருட்டிணன்’ என இரு வடிவங்களும் வழக்கில் இருப்பதால், ஒன்றைத் தலைச்சொல்லாக்கி மற்றதிலிருந்து வழிகாட்ட வேண்டும். பட்டப்பெயருக்கும் இதே முறைதான்: ‘கலைவாணர்’ என்று தேடுபவர் ஏராளம். கடைசியாக, மலரில் படம் சேர்ப்பதானால் அதன் பின்புறத்தில் பெயரோடு பிறந்த ஆண்டையும் எழுதியே அச்சகத்துக்கு அனுப்புங்கள். வெறும் ‘கிருஷ்ணன்’ என்று எழுதி அனுப்பிய படம் வயலினுக்குப் பதில் டென்னிஸ் மட்டையோடு அச்சாகி வரலாம்.