சாலுக்கு அடியில் தண்ணீர் எங்கே போகிறது? வெட்டிப் பார்க்கும் முறை

சாலில் (பாசன நீர் ஓடும் பள்ளத்தில்) தண்ணீர் கடைசி வரை ஓடிவிட்டது, பாரின் (இரண்டு சால்களுக்கு இடையே உள்ள மேட்டின்) ஓரமெல்லாம் கறுத்து நனைந்திருக்கிறது, போதும் என்று மடையை அடைத்துவிடுவதுதான் பரவலான வழக்கம். மேலே தெரியும் அந்த ஈரத்தை நான் நம்புவதில்லை. வேர் இருப்பது அடியில். அங்கே தண்ணீர் எவ்வளவு போனது என்று அறிய, குழி வெட்டிப் பார்ப்பதுபோல் நம்பகமான வழி வேறில்லை. மண்வெட்டி, கத்தி, அளவு நாடா, கைநிறையக் குச்சிகள் இருந்தால் போதும்.

மடையை அடைத்த உடனே வெட்ட வேண்டாம். சாலில் நின்ற நீர் வற்றிய பிறகும் மண்ணுக்குள் ஈரம் கீழே இறங்கிக்கொண்டும் பக்கவாட்டில் படர்ந்துகொண்டும் இருக்கும். மணல் மண்ணில் ஏறக்குறைய ஒரு நாளில் அது அடங்கும். களிமண்ணில் 2, 3 நாள் ஆகும். அதன் பிறகு வெட்டினால்தான் பயிருக்கு உண்மையில் கிடைக்கப்போகும் ஈரம் தெரியும்.

குழியைச் சாலுக்குக் குறுக்காக வெட்டுங்கள். ஒரு சாலின் நடுவில் தொடங்கி, பாரைக் கடந்து, அடுத்த சாலின் நடுவில் முடிய வேண்டும். பயிரின் வேர் போகும் ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, பெரும்பாலும் 60 முதல் 80 செ.மீ. ஆழம் போதும். மணல் மண்ணில் சுவர் சரியும், அதனால் ஆழமாகத் தோண்டி உள்ளே இறங்காதீர்கள். மண்வெட்டி பட்ட சுவர் பூசி மெழுகியதுபோல் ஆகி ஈரத்தின் எல்லையை மறைத்துவிடும். கத்தியால் மெல்லச் சீவினால் நனைந்த மண் கறுத்தும் காய்ந்த மண் வெளிறியும் பிரியும். கண்ணுக்குச் சந்தேகமாக இருக்கும் இடத்தில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் ஈரம், பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்த மண். மணலில் உருண்டை பிடிக்காது, அங்கே உள்ளங்கையில் படும் குளிர்ச்சிதான் அடையாளம். எல்லை நெடுகக் குச்சிகளைச் செருகிவிட்டு இரண்டடி பின்னால் நின்று பாருங்கள். தண்ணீர் பரவிய வடிவம் அப்படியே தெரியும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

அந்த வடிவத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, தண்ணீரின் எடை. அது கீழே மட்டும்தான் இழுக்கும். இன்னொன்று, காய்ந்த மண்ணின் உறிஞ்சல். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அது பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் இழுக்கும். களிமண்ணின் துளைகள் நுண்ணியவை. உறிஞ்சல் வலுவாகவும் இறக்கம் மெதுவாகவும் இருப்பதால் ஈரம் அகன்று பரவும். மணலின் துளைகள் பெரியவை, உறிஞ்சல் பலவீனம், தண்ணீர் நேரே கீழே ஓடிவிடும். குச்சிகள் ஒடுங்கி நீண்ட வடிவம் காட்டும். அதனால்தான் மணலில் சால்களுக்கு இடையே 30 முதல் 60 செ.மீ., களிமண்ணில் 75 முதல் 150 செ.மீ. இடைவெளி விடச் சொல்கிறார்கள். வெடிப்பு விட்ட களிமண்ணில் மட்டும் முதல் தண்ணீர் வெடிப்பு வழியாக ஆழத்துக்குப் போய்விடும், பிறகுதான் பக்கவாட்டில் ஊறும்.

பாரின் நடுவில் அடிப்பக்கம் காய்ந்தே இருக்கிறதா? களிமண் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பாய்ச்சினால் இரண்டு பக்க ஈரமும் கூடிவிடும். மணலில் நேரத்தைக் கூட்டுவது வீண். கூடுதல் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கும், போட்ட தழைச்சத்தையும் கரைத்துக்கொண்டு போகும். அங்கே மாற்ற வேண்டியது சால் இடைவெளியை.

மண் ஒரே சீராக இல்லாத இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஏர் உழும் ஆழத்துக்கு அடியில் இறுகிய படலம் இருந்தால் ஈரம் அதன்மேல் தட்டையாக விரிந்து நிற்கும். மென்மண்ணுக்குக் கீழே பருமணல் அடுக்கு இருந்தாலும் அப்படித்தான் நிற்கும், பலர் இதை நம்புவதே இல்லை. மேலேயுள்ள நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அவை ஏறக்குறைய முழுவதும் நிறைந்த பிறகே மணலுக்குள் இறங்க விடும். அடியில் மணல் என்றால் வடிகால் நன்றாக இருக்கும் என்று எண்ணி, மேலே வேர் மூச்சுத் திணறுவதைக் கவனிக்காமல் விடுவது இதனால்தான்.

தண்ணீரோடு உப்பும் நகரும். இரண்டு பக்க ஈரமும் கூடுமிடம் பாரின் உச்சி, அங்கேதான் உப்பு சேரும். வெள்ளை பூத்திருந்தால் விதையை உச்சியில் ஊன்றாமல் பாரின் சரிவில் ஊன்றுங்கள்.

ஒரு குழியோடு நிறுத்த வேண்டாம். சாலின் தலைப்பில் (தண்ணீர் நுழையும் முனையில்) ஒன்று, கடைசியில் ஒன்றாவது வெட்டுங்கள். டிராக்டர் சக்கரம் ஓடிய சாலில் மண் அமுங்கித் தண்ணீர் உள்ளே இறங்குவது குறையும், முடிந்தால் அதையும் பாருங்கள். அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. சாலுக்கு விநாடிக்கு 1 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் விட்டால் 3,600 லிட்டர். சால் நீளம் 100 மீட்டர், இடைவெளி 75 செ.மீ. என்றால் 75 சதுர மீட்டருக்கு அது 48 மி.மீ. நீர். வெளியே வழியாவிட்டால், பாதி காய்ந்த வண்டல் மண்ணில் சராசரியாக 60, 70 செ.மீ. நனைய அது போதும். தலைப்பில் ஒரு மீட்டரும் கடைசியில் 30 செ.மீ.யும் நனைந்திருந்தால் தண்ணீர் கடைசியை எட்டத் தாமதமாகிறது என்று பொருள். மொத்தப் பாய்ச்சல் நேரத்தில் கால் பங்குக்குள் அது கடைசியை எட்ட வேண்டும். தொடக்கத்தில் வேகமாக விட்டு, எட்டியதும் குறையுங்கள். விநாடிக்கு 3 லிட்டரைத் தாண்டினால் சால் அரிக்கத் தொடங்கும், அதற்குள் முடியவில்லை என்றால் சாலின் நீளத்தைக் குறைப்பதே சரி.

பார்த்து முடித்ததும் அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலும் போட்டு மிதித்து மூடுங்கள். மூடிய குழி மற்ற இடத்தைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும், ஆகவே அடுத்த முறை சில மீட்டர் தள்ளி வெட்டுங்கள்.