கிட்டாரின் கழுத்தை நெரிக்காதீர்கள்

நாற்பது வயதில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "நமக்கு வயசாயிடுச்சு, விரல் வளையல." நானும் எழுதினேன். வேளச்சேரியில் இரண்டாம் மாடி, இரவு ஒன்பதரைக்கு மேல் கிடைக்கும் அரை மணி நேரம், விரல் நுனியெல்லாம் கம்பித் தடம். ஆனால் விரல்மேல் தப்பே இல்லை. 29சி பஸ்ஸில் படியில் தொங்குகிறவன் கம்பியைப் பிடிப்பதுபோல நான் கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருந்தேன்.

முதல் தவறு இந்த அழுத்தம்தான். மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள். எலெக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய கம்பி பெரும்பாலும் 0.009 அல்லது 0.010 அங்குலத் தடிமன்தான் இருக்கும்; மின்சாரம் வேண்டாத அகூஸ்டிக்கில் 0.012 சாதாரணம். கம்பி மரத்தைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை, ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டையில் சரியாக உட்கார்ந்தால் போதும். அதற்கும் மேலே அமுக்கினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். சுருதி பார்க்கும் ட்யூனர் ஆறு கம்பிக்கும் பச்சை காட்டும், கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) மட்டும் கோணலாகக் கேட்கும். நாம் ட்யூனரைத் திட்டுவோம்.

ஒரு சின்னச் சோதனை. மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி இரண்டாவது கம்பியில், முதல் கட்டத்தில் (முதல் ஃப்ரெட்டுக்கு முந்தைய இடைவெளியில்) விரலை லேசாக வைத்து மீட்டுங்கள். 'டப்' என்று மட்டும் கேட்கும். கொஞ்சம் அழுத்தினால் 'ஜ்ஜ்' என்று கரகரக்கும். இன்னும் துளி அழுத்தம், நாதம் சுத்தமாக வரும். அங்கேயே நின்றுவிடுங்கள். இப்போது விரலை ஃப்ரெட்டை ஒட்டி நகர்த்திப் பாருங்கள், அந்த அழுத்தம்கூடத் தேவைப்படாது. கட்டத்தின் நடுவில் விரலை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில்தான் பலருக்கும் கை வலிக்கிறது.

இதைச் செய்தும் வலித்தால் கிட்டாரைச் சந்தேகப்படலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி 2 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் தொடங்குகிறவருக்கு வசதி. கடையிலிருந்து வந்தபோது என்னுடையது 3 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. அது தெரியாமல் இரண்டு மாதம் போராடினேன். அப்புறம் செட்டப், அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்யும் வேலை, தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்தது, கார்டுகளைத் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்வது. ஈ மைனர் தெரியும், ஏ மைனர் தெரியும், சி தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பாட்டு அடுத்த சரணத்துக்குப் போயிருக்கும். ஏன்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா விரலையும் தூக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டுகிறோம். ஏ மைனரைப் பிடியுங்கள்: ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியில் முதல் கட்டம், நடுவிரல் நான்காவது கம்பியில் இரண்டாம் கட்டம், மோதிர விரல் மூன்றாவது கம்பியில் இரண்டாம் கட்டம். சி கார்டுக்குப் போக இதில் மோதிர விரல் மட்டும் எழுந்து ஐந்தாவது கம்பியின் மூன்றாம் கட்டத்தில் உட்கார வேண்டும். மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இதைக் கவனிக்காமல் மூன்று விரலையும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

மாற்றம் தாமதமானாலும் வலது கை நிற்கக் கூடாது. கார்டு அரைகுறையாக இருந்தாலும் தாளம் போகட்டும். சின்ன வயதில் சரளி வரிசை பாடியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: முதல் காலத்தில் உறுதியாகாமல் இரண்டாம் காலத்துக்கு யாரும் விடமாட்டார்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு. அலுப்பாகத்தான் இருக்கும்.

இடது கை நகத்தை வெட்டிவிடுங்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்தை உறுமலாகச் சிதைக்கும் விஷயத்துக்கு வருவோம். எலெக்ட்ரிக் வாங்கியதே அந்த உறுமலுக்காகத்தானே, அதனால் முதல் நாளே ஆம்பில் (கிட்டாரின் ஒலிபெருக்கியில்) கெயின் என்கிற, உறுமலைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு சி கார்டை மீட்டுவோம். மிக்ஸியில் சட்னி அரைக்கிற சத்தம் வரும். காரணம் உண்டு. மேஜர் கார்டில் இருப்பவை ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். மைனரில் அந்தரத்துக்குப் பதில் சாதாரண காந்தாரம். டிஸ்டார்ஷன் என்பது சுரங்களைச் சத்தமாக்குவது மட்டுமல்ல. அவற்றை ஒன்றோடொன்று கலந்து, அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வுகளையும் உண்டாக்கும். ஷட்ஜமும் பஞ்சமமும் 2:3 என்ற எளிய விகிதத்தில் இருப்பதால் அந்தப் புது அதிர்வுகள் அவற்றோடு ஒத்துப்போகும். நடுவில் காந்தாரம் வந்தால் குழப்பம்தான். ராக் இசையில் காந்தாரத்தை விட்டுவிட்டு 'பவர் கார்டு' வாசிப்பது இதனால்தான். ஆகவே முதல் கார்டுகளைப் பழகும்வரை உறுமல் கலக்காத க்ளீன் சத்தம் போதும். தப்பு எங்கே என்று அதில்தான் காதுக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பக்கத்து வீட்டுக்குப் பயந்து ஆம்பே இல்லாமல் மாதக்கணக்கில் பழகுவது. சத்தம் கேட்காததால் வலது கை தானாக ஓங்கி அடிக்கப் பழகிவிடும். சி கார்டில் ஒலிக்கக் கூடாத ஆறாவது கம்பி அதிர்வதும் காதில் விழாது. ஒரு நாள் ஆம்பில் சொருகினால் எல்லாம் அம்பலமாகும். ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் வசதியுள்ள சின்ன ஆம்ப் போதும். அந்த ஆறாவது கம்பியை மோதிர விரலின் நுனியால் லேசாகத் தொட்டு அடக்கிவிடுங்கள்.

ஆம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம்மூர்ப் பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் சரியாக இருக்காது. கம்பியில் கை வைத்ததும் ஆம்பின் 'ம்ம்ம்' குறைந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆனால் விரலில் சுருக்கென்று ஏறினால் அன்றே வாசிப்பை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகும் கெட்டிக்காரத்தனம் வேண்டவே வேண்டாம்.

வியர்வை, கடல் காற்று இரண்டும் சென்னையில் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். துருவேறிய கம்பியில் விரல் வழுக்காது, மறுபடியும் பலத்தைக் காட்டத் தோன்றும். வாசித்து முடித்ததும் பழைய காட்டன் வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிட்டு வையுங்கள்.

கடைசியாக எஃப் கார்டு. ஒரே விரலால் ஆறு கம்பியையும் அமுக்கும் அந்த பாரே கார்டில்தான் பலருடைய கிட்டார் அலமாரி மேல் ஏறிவிடுகிறது. மூன்றாம் மாதம்வரை அதைத் தொடாமல் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஒன்றரைக் கட்டையில் பாடுகிறவர் முதல் ஃப்ரெட்டில் கேப்போவை (எல்லாக் கம்பியையும் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்பை) மாட்டி சி கார்டையே வாசிக்கலாம், அது சி ஷார்ப்பாகக் கேட்கும். எஃப் வேண்டியே இருக்கிறது என்றால் மேல் இரண்டு தடித்த கம்பிகளை விட்டுவிட்டு, மெல்லிய நான்கில் மட்டும் பிடியுங்கள். ஆள்காட்டி விரல் அப்போது இரண்டு கம்பியைப் படுக்கையாக அமுக்கினால் போதும்.