ஸ்டீயரிங் பாக்ஸ் மாற்றும்போது நடுவைத் தவறவிடாதீர்கள்

நேர் சாலையில் போகும்போதே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு விரல் அகலத்துக்கு ஆட்டினாலும் சக்கரம் அசைய மறுக்கிறது. கல்லும் மேடும் ஏறி இறங்கி வயதான ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இது தெரிந்த சங்கதி. உடனே, ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் ஸ்டீயரிங் பாக்ஸைக் கைகாட்டி, "பாக்ஸ் போச்சு" என்று முடிவுகட்டி, புதிது வாங்கிப் பூட்டி, ஓட்டிப் பார்த்தால் பழைய ஆட்டம் அப்படியே இருக்கும். முதல் தவறு ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

பாக்ஸ்தான் குற்றவாளியா என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். சக்கரங்கள் தரையில் நிற்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதாக இடவலம் ஆட்டட்டும். இன்னொருவர் முன்பக்கம் குனிந்து பார்க்கட்டும். இன்ஜின் ஓடவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: பாக்ஸின் உள்ளே வால்வைத் திறக்க ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது. ஆயில் அழுத்தத்தின் பவர் இல்லாதபோது அது கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். அதைத் தேய்மானம் என்று தப்பாக எண்ணிவிடுவோம். பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் அசைகிறது, கீழே பாக்ஸிலிருந்து வெளிவரும் கைபோன்ற பிட்மேன் ஆர்ம் அசையவில்லை என்றால் பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. பிட்மேன் ஆர்ம் உடனே அசைகிறது, சக்கரம் தாமதிக்கிறது என்றால் டிராக் லிங்க் (பிட்மேன் ஆர்மின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு), டை ராட் எண்ட் (இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் தண்டின் முனை), பால் ஜாயின்ட் பக்கம் போங்கள். ஸ்டீயரிங் திரும்பியும் பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட்டே அசையாவிட்டால், நடுவில் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்டோ ரப்பர் கப்ளிங்கோ தளர்ந்திருக்கும். ஒரு மேட்டில் ஏறிய பிறகு முன்சக்கரங்கள் வெறிபிடித்தாற்போல் நடுங்கினால், பெரும்பாலும் பாக்ஸைக் குறை சொல்ல முடியாது. முதலில், முன் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் ஃபிரேமோடு பிடித்திருக்கும் டிராக் பாரின் புஷ்ஷையும் போல்ட்டையும் பாருங்கள்.

பாக்ஸ் மொத்தமாக ஃபிரேமோடு சேர்ந்து அசைகிறதா என்பதையும் இந்தச் சோதனையிலேயே கவனியுங்கள். 1973 முதல் 1987 வரை வந்த செவர்லே ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்களில் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடத்தில் ஃபிரேம் விரிசல் விடுவது பேர்போன கோளாறு. பெரிய டயர் போட்டுப் பாறை ஏறும் எந்த வண்டிக்கும் இது வரலாம். விரிசல் விட்ட ஃபிரேமில் புதுப் பாக்ஸைப் பூட்டுவது ஆபத்து. முதலில் வெல்டிங், பலப்படுத்தும் தகடு, அப்புறம்தான் பாக்ஸ்.

இனி, எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்று. இந்தப் பாக்ஸ்களுக்குள் ஒரு திருகு ஷாஃப்ட், அதன் மேல் எஃகுக் குண்டுகள் உருளும் ஒரு நட், அந்த நட்டின் பற்களோடு கோத்து, பிட்மேன் ஆர்மைத் திருப்பும் செக்டார் ஷாஃப்ட் என்று மூன்று முக்கியப் பாகங்கள். செக்டார் பற்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் கிடையாது. நட்ட நடுவில் மட்டும் பல் சற்று இறுக்கமாகக் கோத்துக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். ஓரங்களுக்குப் போகப் போகக் கொஞ்சம் இடைவெளி வரும். நேராக ஓட்டும்போது ஆட்டமே இருக்கக்கூடாது, திரும்பும்போது சிக்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. வண்டி நேராக ஓடுவதுதான் அதிகம் என்பதால், தேய்வதும் அந்த நடுப்பல்தான்.

இதைப் புரிந்துகொண்டால், பாக்ஸின் மேலே லாக் நட்டோடு இருக்கும், செக்டார் பற்களின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி ஏன் பாக்ஸ்களைக் கொல்கிறது என்பதும் விளங்கும். ஆட்டம் வந்ததும் எல்லோருடைய கையும் அங்கேதான் போகும். எட்டில் ஒரு பங்கு சுற்று முடுக்கிப் பார்ப்பதில் தவறில்லை. அலன் கீயால் திருகாணியைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்க வேண்டும். ஆனால் நடுவில் தேய்ந்துபோன பாக்ஸை ஆட்டம் முழுக்க நிற்கும்வரை முடுக்கினால், தேயாத ஓரப் பற்கள் நெரிக்க ஆரம்பிக்கும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. அந்த வண்டியை ஓட்டுவது ஆட்டமுள்ள வண்டியை ஓட்டுவதைவிட அபாயம். நடுவில் ஆட்டம், ஓரத்தில் இறுக்கம் என்று ஆகிவிட்டால் முடுக்குவதை விட்டுவிடுங்கள். மாற்றும் காலம் வந்துவிட்டது.

வாங்கும்போது வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். ஒரே வார்ப்பு உடம்புக்குள் வேறு வேறு விகிதம், வேறு ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டைச் சுற்றி வெட்டிய நீளப் பற்கள்) எண்ணிக்கை, வேறு ஹோஸ் மரை இருக்கும். அமெரிக்க வண்டிகளில் பரவலாக இருக்கும் சாகினா பாக்ஸ்களில், பழையவற்றின் ஹோஸ் முனை கூம்பாக அமர்ந்து அடைக்கும். பிற்பாடு வந்தவற்றில் ஓ-ரிங் அடைக்கும். ஒன்றில் மற்றதை வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை போய்விடும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட் துளை, இரண்டு ஷாஃப்ட்டுகளின் ஸ்ப்ளைன், ஹோஸ் துளை, ஓரத்திலிருந்து ஓரம்வரை எத்தனை சுற்று என்பதை எண்ணி ஒப்பிடுங்கள். புதுப்பிக்கப்பட்ட பாக்ஸ் என்றால் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்: நடுவில் மட்டும் லேசான இறுக்கம் தெரிய வேண்டும், கரகரப்பு தெரியக்கூடாது.

கழற்றுவதில் பெரிய சண்டை பிட்மேன் ஆர்மோடுதான். கூம்பு வடிவ ஸ்ப்ளைனில் ஆண்டுக்கணக்காக இறுகி, துருவும் பிடித்திருக்கும். சம்மட்டியால் ஷாஃப்ட்டின் முனையில் அடிப்பது, கேஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சுவது இரண்டும் வேண்டாம். அடி, உள்ளே பற்களுக்கும் பேரிங்குக்கும் போகும். சூடு, சீலைக் கருக்கும். எப்படியும் தூக்கிப்போடப் போகும் பாக்ஸ்தானே என்று நினைக்கலாம். ஆனால் ஆர்ம் திரும்பப் பூட்ட வேண்டிய பாகம், காய்ச்சிய எஃகு தன் பலத்தை இழந்துவிடும். முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இதற்கென்று இருக்கும் கனமான புல்லரை மாட்டி முறுக்கி வைத்துவிட்டு, ஆர்மின் பக்கவாட்டில் மட்டும் தட்டுங்கள். சில நேரம் நாம் கையை எடுத்துவிட்டு நிற்கும்போது 'டப்' என்று தானே விட்டுக்கொடுக்கும்.

ஸ்டீயரிங் ஷாஃப்ட்டைப் பாக்ஸிலிருந்து பிரிக்கும் முன் சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் சுற்றாதபடி சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் இதை மறந்தால், பிரிந்த ஸ்டீயரிங் இஷ்டத்துக்குச் சுற்றி ஏர்பேக்குக்கு மின் இணைப்பு தரும், உள்ளிருக்கும் சுருளான கிளாக் ஸ்பிரிங் அறுந்துபோகும். பாக்ஸின் எடையையும் லேசாக எண்ணாதீர்கள். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது முகத்துக்கு நேர் கீழே படுத்திருக்க வேண்டாம். அடியில் ஜாக் ஒன்றை முட்டுக் கொடுங்கள்.

பூட்டும்போதுதான் அந்த நடு மறுபடி வருகிறது. புதுப் பாக்ஸின் ஷாஃப்ட்டை ஒரு ஓரம்வரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து மறு ஓரம்வரை சுற்றுகளை எண்ணி, அதில் பாதியைத் திரும்பச் சுற்றினால் நடு கிடைக்கும். ஓரத்தில் போய் மோதவிடாமல் தொட்டதும் நிறுத்துங்கள். சாகினா வகையில் நடுவில் இருக்கும்போது மேல் ஷாஃப்ட்டின் தட்டைப் பகுதி மேல்நோக்கிப் பக்கமூடிக்கு இணையாகவும், செக்டார் ஷாஃப்ட்டின் அகலப் பல் திருகாணிக்கு நேராகவும் நிற்கும். பாக்ஸ் நடுவில், சக்கரம் நேரில், ஸ்டீயரிங் நேரில் என்ற மூன்றும் பொருந்தியிருக்கும்போதுதான் இணைக்க வேண்டும்.

இங்கே பலரும் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பூட்டி முடித்து ஓட்டினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். உடனே ஸ்டீயரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி நேராக்கிவிடுவார்கள். பார்வைக்குச் சரி. ஆனால் வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் தன் இறுக்கமான நடுவில் இல்லை. ஆட்டமுள்ள இடத்தில் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய புதுப் பாக்ஸ் பழையது போலவே அலையும். கோணலைத் தீர்க்க வேண்டிய இடம் டிராக் லிங்க்கின் நீளம் சரிசெய்யும் ஸ்லீவ். ஜீப் செரோக்கி போன்ற சிலவற்றில் டை ராட் டிராக் லிங்க்கிலேயே இணைந்திருப்பதால், நீளம் மாறினால் சக்கரக் கோணமும் கொஞ்சம் நகரும். கடைசியில் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

ஷாஃப்ட் கப்ளிங்கின் குறுக்கு போல்ட் பாக்ஸ் ஷாஃப்ட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகப் போக வேண்டும். தானாக நுழையாவிட்டால் ஷாஃப்ட் முழுதாக உட்காரவில்லை என்று பொருள், தட்டி நுழைக்காதீர்கள். இந்த ஒரு போல்ட் கழன்றால் ஸ்டீயரிங் வெறும் வளையம்தான். பிட்மேன் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்காதீர்கள்: பல ஜீப்களில் அதன் அளவு 185 அடி-பவுண்டு, அதாவது சுமார் 250 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

ஹோஸ் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவது இன்னொரு பழக்கம். அங்கே அடைப்பது மரை அல்ல, கூம்போ ஓ-ரிங்கோதான். பிய்ந்த டேப் வால்வில் மாட்டினால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாகத் தானே இழுக்கக்கூடும். பழைய பாக்ஸ் தேய்ந்து உதிர்த்த இரும்புத் தூளும் இதே வேலையைச் செய்யும். அது பம்பிலும் ஹோஸிலும் தங்கியிருக்கிறது. ரிட்டர்ன் ஹோஸை ஒரு பாத்திரத்துக்குள் விட்டு, டாங்கில் அது பூட்டியிருந்த வாயை அடைத்து, புது ஆயில் ஊற்றியபடியே கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, நிறம் தெளியும்வரை கழுவுங்கள். ஆயில் எது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றுக்கு பவர் ஸ்டீயரிங் ஆயில், சிலவற்றுக்கு ஏ.டி.எஃப். எனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

எல்லாம் பூட்டியதும் சாவியைத் திருப்பக் கை துடிக்கும். அவசரப்பட்டால் பம்ப் காற்றையும் ஆயிலையும் கலந்து நுரையாக்கி முனகும். முன்சக்கரங்களை ஜாக் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தபடியே ஓரத்திலிருந்து ஓரம் இருபது தடவையாவது மெதுவாகத் திருப்புங்கள். குமிழி வருவது நின்று, மட்டம் இறங்காமல் நின்ற பிறகுதான் இன்ஜின். நுரைத்துவிட்டால் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஓரத்தில் திருப்பிப் பிடித்து வைப்பது ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் அழுத்தம் 1,000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி ஆயில் கொதிக்கும். கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். நூலளவு பீச்சல்கூடத் தோலைத் துளைக்கும். அட்டைத் துண்டு போதும்.

முதல் ஓட்டத்துக்குக் கூட்டமில்லாத சமதளச் சாலையாகப் பாருங்கள். வேகத்தைக் கூட்டும் முன், ஒரு வளைவில் பிடியை லேசாகத் தளர்த்தி ஸ்டீயரிங் தானே நேருக்கு வருகிறதா என்று கவனியுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடித் திரும்பியதும் வண்டிக்கு அடியில் போய், ஃபிரேம் போல்ட்டுகளையும் பிட்மேன் நட்டையும் ரெஞ்ச்சால் இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள். முதல் கரடுமுரடான பயணம் முடிந்த அன்றும் அதையே செய்யுங்கள்.