பாம்பன் பக்கம் சாப்பாட்டுக்கடை வச்சிருக்கீங்களா, இலை போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் கவனிங்க

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவுல ரோட்டோரமா சின்னதா ஒரு சாப்பாட்டுக்கடை, நானும் எங்க வீட்லயும் சேந்து நடத்துறோம். பதினோரு வருஷமாச்சு. ஆரம்பத்துல நாலு வருஷம் நான் கொழம்பத்தான் மாத்திக்கிட்டே இருந்தேன், புளி கூட்டிப் பாக்குறது, மசாலா மாத்துறது, மாஸ்டர மாத்துறதுன்னு. ஒரு தை அமாவாசை அன்னிக்கு ஒரு குடும்பம் வேன்ல வந்து எறங்குனாங்க. அதுல ஒரு பெரியம்மா சேரோட நுனில ஒக்காந்து ரெண்டு வாய் சாப்டுட்டு எலைய மூடிட்டாங்க. சாம்பார் சரியில்லையோன்னு எனக்கு ஒரே கவலை. எங்க வீட்லதான் சொன்னாங்க, "ஈரச்சேலையோட ஒக்காந்திருக்காக, தலைக்கு மேல ஃபேன் ஓடுது, குளுருல எப்படிச் சாப்பாடு எறங்கும்?"

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடல்ல முங்கி, அப்புறம் கோயிலுக்குள்ள 22 தீர்த்தத்துலயும் தலையில வாளி வாளியா ஊத்திக்கிட்டு வர்ற சனம் நம்ம கடைக்கு வரும்போது பசியோட மட்டும் வரல. ஈரத்தோட, உப்போட, மணலோட, கால் வலியோட வருது. அதனால நான் சொல்றது எல்லாமே சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம், பின்னாடி அஞ்சு நிமிஷம் பத்தித்தான்.

மொதல்ல கொல்லைப்பக்கம் ஒரு கொடி கட்டுங்க, நைலான் கயிறு, கூட ஒரு டஜன் கிளிப்பு, செலவு ரொம்பக் கம்மி. கிளிப்பு கண்டிப்பா வேணும், கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல கிளிப்பு இல்லாம போட்டா வேட்டி பனங்காட்டுல போயி கெடக்கும். நம்ம ஊரு காத்துக்கும் வெயிலுக்கும் அவங்க சாப்டு முடிக்கிறதுக்குள்ள துண்டும் வேட்டியும் முக்கால்வாசி காஞ்சிடும், சேலை கொஞ்சம் நேரமாகும். ஈரத்துணியப் பையில திணிச்சுக்கிட்டு நாத்தத்தோட ஊர் வரைக்கும் போகணுமேன்னு இருக்குற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு அவங்க மொகத்தப் பாத்தாத் தெரியும். சேலை மாத்திக்க ஒரு மறைப்பும் வேணும், நாங்க தென்னங்கீத்து வச்சு அடைச்சிருக்கோம், அதுக்குள்ள ஒரு ஸ்டூலு, ரெண்டு ஆணி. ஈரத்தோட ஒக்காருறவங்களுக்குன்னு மெத்தை இல்லாத பிளாஸ்டிக் சேரு நாலு தனியா, ஃபேனுக்கு நேரா இல்லாம போடுங்க.

அடுத்தது கக்கூசு. இதப் பத்திப் பேச யாரும் கூச்சப்பட வேண்டாம், ராமநாதபுரத்துலேர்ந்து ராமேஸ்வரம் அம்பது கிலோமீட்டருக்கு மேல, அதுல பொம்பளைங்க நம்பிப் போற மாதிரி எடம் எத்தனை இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க. பெருசா டைல்ஸ் ஒட்ட வேணாம். உள்ள தாழ்ப்பா ஒழுங்கா விழணும். கடலோரக் காத்துக்கு இரும்புத் தாழ்ப்பா ஒரு வருஷத்துல துருப்பிடிச்சு எறுகிடும், அதனால அலுமினியமோ நல்ல ஸ்டீலோ போடுங்க. பை மாட்ட ஒரு கொக்கி, மூடி போட்ட குப்பைக்கூடை, லைட்டு, தரை காஞ்சிருக்கணும், அவ்வளவுதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நீங்களே போயிப் பாருங்க, வேலைக்காரப் பையன்கிட்ட சொல்லிட்டேன்னு விட்றாதீங்க. சாப்பிடாம கக்கூசுக்கு மட்டும் வந்தாலும் மொகம் சுளிக்காம காட்டுங்க, திரும்பி ஊருக்குப் போகும்போது அந்த வண்டி நம்ம கடையிலதான் நிக்கும், நான் பல தடவை பாத்திருக்கேன்.

கை கழுவுற எடம். நம்ம போர்த்தண்ணி உப்பு, அதுல இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேந்து வெள்ளையா பிசுபிசுன்னு படியும், நுரையே வராது, வெளியூர்க்காரங்க தேச்சு தேச்சுப் பாத்துட்டு கை இன்னும் பிசுபிசுன்னு இருக்கேன்னு நிப்பாங்க. கட்டி சோப்ப எடுத்துட்டு லிக்விட் ஹேண்ட்வாஷ் வைங்க, அது உப்புத்தண்ணிக்கும் ஓரளவு நுரைக்கும். பக்கத்துல ஒரு கொடத்துல நல்ல தண்ணி, கடைசியா ஒரு சொம்பு ஊத்திக்க. மீன் சாப்பாடுன்னா பாதியா நறுக்குன எலுமிச்சம்பழம் ஒரு கிண்ணத்துல வைங்க, கவுச்சி வாடை புளிப்புக்குத்தான் போகும், கிச்சன்ல பிழிஞ்ச தோலே போதும். சின்னப் புள்ளைக ஏறி நிக்க ஒரு மரப்படி.

குடிக்கிற தண்ணிய வைக்கும்போது வாயத் தெறந்து சொல்லுங்க, "இது காவிரித் தண்ணிண்ணே, காச்சி ஆத்துனது" இல்ல "இது கேன் தண்ணிக்கா"ன்னு. எது ஊத்துறீங்களோ அத உள்ளபடி சொல்லுங்க. சொல்லலைன்னா உப்புத்தண்ணியோன்னு சந்தேகத்துலயே தொண்டையக் காயப்போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க.

மீன் வெலை பத்தி கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும். நம்ம கரையில மீன் கடைகளுக்குக் கெட்ட பேரு வர்றதே பில்லு வர்ற நேரத்துலதான். "என்ன மீன் இருக்கு"ன்னு கேட்டா "எல்லாம் இருக்கு சார், ஒக்காருங்க"ன்னு சொல்றது, அப்புறம் வறுத்த சீலாத்துண்டுக்கு அவங்க நெனச்சுக்கூடப் பாக்காத ஒரு வெலை. நானே ஒரு கடையில குடும்பத்தோட போயி இப்படி மாட்டி, புள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்க வச்சிருந்த காசையும் குடுத்துட்டு வந்தேன். தெனமும் காலைல சிலேட்டுல எழுதிடுங்க: இன்னிக்கு விளமீன், நகரை, கணவாய், ஒரு துண்டு என்ன வெலை, எத்தனை கிராம் இருக்கும். முழு மீன் கேட்டா தட்டுல வச்சுக் காட்டி, எடை போட்டு, வெலைய சொன்னதுக்கு அப்புறம்தான் மசாலா தடவணும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடைக்காலம், அந்த நேரத்துல வர்றது நாட்டுப்படகு மீனா, மேற்குக்கரையிலேர்ந்து ஐஸ்ல வந்ததான்னு கேட்டா உள்ளதச் சொல்லுங்க. ஐஸ் மீன்னு சொன்னதுக்காக எந்திரிச்சுப் போனவங்க எங்க கடையில ரொம்பக் கொஞ்சம்.

அமாவாசைக்குத் தர்ப்பணம் குடுத்துட்டு வர்றவங்க பூண்டு வெங்காயம் சேக்க மாட்டாங்க, கரண்டிகூடத் தனியான்னு கேப்பாங்க. தனியா இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னா பக்கத்துல இருக்குற சைவக்கடைக்கு வழி காட்டுங்க, அன்னிக்கு அவங்களுக்கு அது சாதாரண விஷயம் இல்ல. வடக்கேர்ந்து வர்றவங்களுக்கு நம்ம முண்டு மிளகாய் காரம் பழக்கமில்ல, மொதல்லயே தயிர வச்சிடுங்க, "மிர்ச்சி கம்"முன்னு ரெண்டு வார்த்தைய சப்ளையர் பையனுக்குச் சொல்லிக்குடுங்க.

நண்டு, மீனுன்னா முள்ளு போட ஒரு தனித்தட்டு. எல பறக்காம இருக்க தண்ணி டம்ளர மேல் ஓரத்துல வைக்கச் சொல்லுங்க.

வேன் டிரைவர மறந்துடாதீங்க. ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்திருப்பாரு, திரும்பவும் அத்தனை பேர் உசுரையும் கொண்டுபோகணும். கமிஷன் குடுத்து டிரைவரப் புடிக்கிற கடைங்க இருக்கு, அந்தக் காசும் கடைசில சாப்பிடுறவங்க பில்லுலதான் ஏறும். நாங்க புளியமரத்தடில ஒரு கயித்துக்கட்டில் போட்டிருக்கோம், மேல ஒரு ஃபேனு. "அண்ணே, ஒரு மணி நேரம் படுங்க, ஆளுகள நாங்க பாத்துக்கிறோம்"னு சொன்னா பாதிப் பேரு படுத்த ஒடனே கொறட்டை விடுவாங்க. அந்த நேரத்துக்குக் குடும்பத்துக்காரங்க கொடியில காயுற துணிய மடிச்சுக்கிட்டு, மோர் குடிச்சுக்கிட்டு, மரத்தடிலயே ஒக்காந்திருப்பாங்க.

கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு கரும்பலகை வைங்க. கோயில் நடை மத்தியானம் எப்பச் சாத்தி எப்பத் தெறப்பாங்க, தனுஷ்கோடிக்கு எத்தனை மணிக்குள்ள வண்டிய விடுவாங்க, அடுத்த பஸ்ஸு எப்ப, இந்த மூணும் ஒரு நாளைக்கு நாப்பது பேராவது கேக்குறதுதான். காலைல மீன் வெலை எழுதும்போதே அதையும் விசாரிச்சு எழுதிடுங்க, நேரம் மாறுனா அழிச்சு எழுதணும், பழச அப்படியே விட்டா ஒரு குடும்பம் செக்போஸ்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும்.